சுவர் எழும்பும் முன்னே

ஒரு நடுத்தரக் குடும்பம் தன் ஆயுட்காலத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு முறைதான் வீடு கட்டுகிறது. அந்த ஒரு முறைக்காகப் பல்லாண்டுச் சேமிப்பையும், வீட்டுப் பெண்களின் நகையையும், இன்னும் இருபது ஆண்டுகள் மாதந்தோறும் திருப்பிச் செலுத்தவேண்டிய வங்கிக் கடனையும் ஒருசேரத் திரட்டி மண்ணிலே இறக்கத் துணிகிறது. இத்துணைப் பெரிய காரியத்தில் குடும்பத்தார் கூடியிருந்து யோசித்து முடிவு செய்பவை எவை என்று கவனித்தால் மனம் வருந்தும். கூடத்துத் தரைக்கு எந்த நிறத்து டைல்ஸ், முகப்புச் சுவருக்கு எந்த வர்ணம், தலைவாசற் கதவில் யானையைச் செதுக்குவதா தாமரையைச் செதுக்குவதா என்பவற்றுக்கு மாலை மாலையாக நேரம் செலவாகிறது. வீட்டின் தரைமட்டம் வீதியைவிட எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும், மாடிப்படி ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம் ஏற வேண்டும், மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டுமா வேண்டாமா, கழிவுநீர்க் குழாய் எவ்வழியாக வெளியே செல்லும் என்பவையோ, இஞ்சினீயரும் மேஸ்திரியும் மனையின் ஓரத்தில் நின்று பேசும் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடுகின்றன. வர்ணத்தை அடுத்த பொங்கலுக்கே மாற்றலாம். டைல்ஸைப் பத்தாண்டுகள் கழித்துப் பெயர்த்தெடுத்து வேறு பதிக்கலாம். ஆனால் தாழ்ந்துபோன தரைமட்டத்தை உயர்த்தவோ, செங்குத்தாக எழுந்துவிட்ட மாடிப்படியைச் சாய்க்கவோ, மாலை வெயிலில் வேகும் படுக்கையறையைக் கிழக்கே நகர்த்தவோ எந்தக் கொத்தனாராலும் ஆகாது. மாற்ற இயலாதவற்றைக் குடும்பம் முழுவதும் கூடி முதலில் தீர்மானிக்க வேண்டும், மாற்றக்கூடியவை காத்திருக்கட்டும். இதுவே இக்கட்டுரை வற்புறுத்த விரும்புவது.

பேச்சு பொதுவாக நின்றுவிடாமலிருக்க ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையில், ஏரிகளையும் பழைய வயல்களையும் ஒட்டிப் புதிய குடியிருப்புகள் எழுந்துவரும் பிரதேசத்தில், நாற்பதடி முகப்பும் அறுபதடி ஆழமும் கொண்ட ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி நிலம். வீதி கிழக்கே இருக்கிறது. குடியேறப் போகிறவர்கள் வயது முதிர்ந்த தாய் தந்தையர், வேலைக்குச் செல்லும் கணவனும் மனைவியும், பள்ளியில் படிக்கும் இரண்டு குழந்தைகள். இப்படிப்பட்ட குடும்பங்களும் இப்படிப்பட்ட மனைகளும் அந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னே அறியவேண்டியது, சூரியன் எந்தச் சுவரில் எப்பொழுது விழும் என்பது. இது நமக்குப் புதிய சாஸ்திரமன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையிலே, அரண்மனை கட்டத் தொடங்கும் சிற்ப நூல் வல்லார், நண்பகலில் இரண்டு கோல்களை நாட்டி, அவற்றின் நிழலைக் கொண்டு திசையைப் பிழையறத் தெளிந்து, அதன் பின்னரே கயிறு பிடித்து மனையை வகுத்ததாக நக்கீரர் கூறுகிறார். சிலப்பதிகாரமோ வேனிற்காலத்துக்கு ஒரு பள்ளியும் கூதிர்காலத்துக்கு ஒரு பள்ளியும் மாளிகைகளில் தனித்தனியே இருந்ததைக் காட்டுகிறது. பருவத்துக்கேற்ப அறை மாறி உறங்கும் வசதி இன்று ஒரு கிரவுண்டில் எவருக்கும் வாய்க்காது. எனினும், நிழலைக் கண்டபின் கயிறு பிடிக்கும் அந்த முறையைக் கைவிட நமக்கு நியாயம் ஏதுமில்லை.

சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் மாதக் கடைசி வாரத்தில் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அங்கிருந்து வடக்கே சாய்ந்து, ஆகஸ்டு நடுப்பகுதி தாண்டிய பிறகே மீண்டும் தெற்கே திரும்புகிறது. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று நம்பி அந்தப் பக்கத்து ஜன்னல்களுக்குச் சன்ஷேடு இல்லாமல் விடுபவர்கள், கோடையின் உக்கிரமான மாதங்களில் அந்த நம்பிக்கையின் பலனை அனுபவிக்கிறார்கள். தெற்கு வெயில் அவ்வளவு கொடியதன்று. மார்கழியிலும் நண்பகற் சூரியன் பாதி வானத்துக்கு மேலேயே நிற்பதால், ஜன்னலுக்கு மேல் இரண்டடி நீளம் வெளியே வரும் ஒரு சன்ஷேடு அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கிழக்கு வெயில் காலையில் இதமாக வந்து, சுவர் சூடேறுமுன்னே மேலேறிவிடுகிறது. மேற்குதான் உண்மையான எதிரி. பிற்பகல் மூன்று மணிக்குப் பின் சூரியன் தாழ்ந்து வந்து சுவரை நேருக்கு நேர் தாக்குவதால், எவ்வளவு அகலமான சன்ஷேடும் அதன்முன் பயனற்றுப் போகிறது. வெளிப்புறத்தில் வாங்கிய அந்த உஷ்ணத்தை ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் மெல்ல மெல்லக் கடத்தி, வீட்டார் படுக்கப்போகும் நேரத்தில் அறைக்குள்ளே இறக்குகிறது.

இங்கேதான் நம்முடைய மனையடி சாஸ்திரம் ஒரு சங்கடத்தைக் கொண்டுவருகிறது. தென்மேற்காகிய கன்னிமூலையில் குடும்பத் தலைவரின் படுக்கையறையும், தென்கிழக்காகிய அக்கினி மூலையில் அடுக்களையும், வடகிழக்காகிய ஈசானியத்தில் பூஜையோ கிணறோ அமைய வேண்டுமென்பது நம்மவரில் மிகப் பெரும்பாலோர் விடாமல் பின்பற்றும் சம்பிரதாயம். கன்னிமூலை அறைக்குத் தெற்கிலும் மேற்கிலும் வெளிச்சுவர் இருப்பதால், வீட்டிலேயே அதிகமாகச் சூடேறும் அறை அதுவே. சம்பிரதாயத்தை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தாயும் தந்தையும் நிம்மதியாக உறங்க அந்த நம்பிக்கை உதவுமானால், அதுவும் வீட்டின் சௌகரியங்களில் ஒன்றுதான். ஆனால் நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொண்டே உஷ்ணத்தைக் குறைக்க வழியுண்டு. அந்த அறையின் மேற்குச் சுவரில் ஜன்னல் வைக்காமல், சுவரின் முழு நீளத்துக்கும் துணி அலமாரியை அமைத்துவிட்டால், அலமாரியும் அதனுள்ளிருக்கும் துணிகளும் சூட்டுக்கு இரண்டாவது சுவராகின்றன. காற்றுக்குத் தெற்கு ஜன்னல் போதும். மேற்குப் பக்கத்தில் எஞ்சிய இடத்தை மாடிப்படிக்கும் குளியலறைகளுக்கும் சாமான் அறைக்கும் ஒதுக்கிவிட்டால், மனிதர் நெடுநேரம் தங்காத இடங்கள் மாலை வெயிலைத் தாங்கிக்கொள்ளும். குளியலறைகள் அந்த வெயிலால் உலர்ந்து நலமும் பெறும். பின்புறம் சற்று விலக்கி ஒரு புங்கமரத்தை நட்டால், சில ஆண்டுகளில் அதுவும் தன் பங்கைச் செய்யும். எதுவாயினும் வாஸ்து பற்றிய அபிப்பிராயங்கள் யாவும் வரைபடம் முடிவாகும் முன்னே பேசித் தீர்ந்துவிட வேண்டும். லிண்டல் மட்டம் வரை சுவர் எழுந்தபின் உறவினர் ஒருவர் வந்து வாசலை நகர்த்தச் சொல்லி, கட்டிய சுவரை இடிக்கும் காட்சியைக் காண்பதைப்போல் துயரம் தருவது வேறில்லை.

காற்றைப் பற்றிய தீர்மானம் வெயிலைப் பற்றியதோடு பின்னிப் பிணைந்தது. அறைக்கு ஒரு பெரிய ஜன்னல் வைத்துவிட்டால் காற்று வந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். வந்த காற்று வெளியே போக எதிர்ச்சுவரிலோ பக்கச்சுவரிலோ மற்றொரு திறப்பு இல்லாவிடில், காற்று வாசலிலேயே நின்றுவிடும். வெப்பமும் ஈரமும் மிகுந்த பிரதேசங்களில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு ஜன்னல் திறப்பு இருக்க வேண்டுமென்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையென்றால் இருபது சதுர அடித் திறப்பு வேண்டும். அதை ஒரே ஜன்னலாக வைப்பதைவிட, இரண்டு சுவர்களில் இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தாழவும் மற்றதைச் சற்று உயரவும் வைப்பது மேல். சென்னையில் பிற்பகலில் எழும் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. அக்கினி மூலை அடுக்களையின் தாளிப்பு நெடியை அதே காற்று கூடத்துக்குள் சுமந்து வரும். ஆகவே அடுக்களைக்கும் கூடத்துக்கும் இடையே கதவே வேண்டாமென்று இப்பொழுது பரவிவரும் திறந்த அமைப்பை, மிளகாய் வற்றல் வறுபடும் வீடுகளில் நன்றாக யோசித்த பின்னரே ஏற்க வேண்டும்.

முற்றம் வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு குடும்பத்திலும் ஏக்கத்தோடு எழுகிறது. காரைக்குடிப் பக்கத்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் மாளிகைகளில் வளவும், காவிரிக்கரை அக்கிரகாரங்களில் நடு முற்றமும் கண்டவர்களுக்கு அந்த ஆசை எழுவது இயல்பே. ஆனால் அந்த முற்றங்கள் ஏன் எழுந்தன என்பதையும் நினைக்க வேண்டும். அக்கிரகாரத்து வீடுகள் ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்துகொண்டு, குறுகிய முகப்பும் நெடிய ஆழமுமாக அடுக்கடுக்காக நின்றவை. பக்கங்களில் ஜன்னலுக்கே இடமில்லை. வெளிச்சமும் காற்றும் வானத்திலிருந்து நேரே இறங்கினால்தான் உண்டு. இன்றைய விதிகளின்படி நான்கு பக்கமும் இடம் விட்டுக் கட்டும் தனி வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனினும் அடுத்த வீட்டுச் சுவர் சில அடி தூரத்திலேயே எழுந்துவிடும் தெருக்களில், பக்கத்து ஜன்னல்களைப் பெரும்பாலும் மூடியே வைக்க நேர்கிறது; அங்கே முற்றம் மீண்டும் பொருளுடையதாகிறது. இதே சங்கடத்துக்கு 1960களின் தொடக்கத்திலேயே கொழும்பு நகரில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா ஒரு விடை கண்டார். பத்திக் ஓவியக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காக அவர் கட்டிய வீடு, நகரத்துச் சிறிய மனையில் வீதிக்கு முதுகைக் காட்டி, தன் அறைகளையெல்லாம் உள்முற்றத்தை நோக்கித் திறந்துகொண்டது. பழைய இலங்கை வீடுகளின் ஓட்டுக்கூரையும் தாழ்வாரமும் அங்கே புதிய காரணத்தோடு திரும்பி வந்தன. அவரைப் பின்பற்ற விரும்புகிறவர்கள் முற்றத்தை அலங்காரத்துக்காக வைக்காமல், எந்த அறைகள் அதனால் வெளிச்சம் பெறும், மழைநீர் எவ்வழியே வடியும், மேலே கம்பி வலை எப்படி அமையும், கொசுவுக்கு என்ன செய்வது என்ற நான்கையும் வரைபடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். விடை இல்லையென்றால், முற்றத்துக்கு எண்ணிய இடத்தை முன்புறத்துக்குக் கொடுத்து ஒரு நல்ல திண்ணை கட்டிக்கொள்வது உத்தமம். காரை நிறுத்துவதற்காக நாம் இழந்துவிட்ட திண்ணையை நினைக்கும்போதெல்லாம், மாலையில் முதியவர்கள் வீதியைப் பார்த்தபடி உட்கார வேறு இடமே இல்லாமல் போய்விட்டதே என்று எனக்கு ஆற்றாமை எழுகிறது.

இனித் தரைமட்டம். இந்தப் பிரதேசத்தில் இதைவிடக் கவலையோடு செய்யவேண்டிய தீர்மானம் வேறு இல்லை. பல தெருக்களில் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தார் போடும் வழக்கத்தால் வீதி ஆண்டுக்காண்டு உயர்ந்து, ஒரு காலத்தில் படியேறி நுழைந்த வீடுகளுக்கு இன்று படியிறங்கி நுழைய வேண்டியதாகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாழ்ந்த வீடுகள் பட்ட பாட்டை எவரும் மறக்கவில்லை. ஆகையால் மேஸ்திரிகள் பேஸ்மட்டம் என்று வழங்கும் அந்த உயரத்தை, வீதியிலிருந்து மூன்றடியாவது வைக்குமாறு இஞ்சினீயர்கள் சொல்லுகிறார்கள், அது நியாயமே. ஆனால் மூன்றடி உயரம் என்பது ஆறு அங்குலப் படிகள் ஆறு. முழங்கால் தேய்ந்த தாய்க்கு அந்த ஆறு படிகள் நாளடைவில் வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே ஒரு மதிலாகிவிடும். சாய்வுப் பாதை அமைக்கலாமென்றால், சக்கர நாற்காலி அபாயமின்றி ஏறியிறங்க ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், மூன்றடிக்கு முப்பத்தாறடி. நாற்பதடி முகப்பில் அதற்கு இடம் காண்பது அரிது.

இந்த முரண்பாட்டுக்குத் தீர்வு முன்புறத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. மனையின் ஆழம் அறுபதடி. விதிப்படி எப்படியும் திறந்தே கிடக்கவேண்டிய பக்கவழியிலே, நான்கடி அகலத்தில், நடுவே இளைப்பாற ஒரு சமதளத்தோடு சாய்வுப் பாதையை நீட்டி, பெற்றோரின் அறைக்கோ பின்கட்டுக்கோ நேரே கொண்டு சேர்த்துவிடலாம். அதற்கு இடையூறாக அங்கே தொட்டியோ குழாயோ வராதபடி விதிகளையும் பார்த்து இஞ்சினீயரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அன்றி, மதிலுக்குள்ளிருக்கும் நிலம் முழுவதையும் மண் கொட்டி ஓரடி உயர்த்தி, வீட்டை அதற்கு மேல் இரண்டடி வைத்தால், வாயிலுக்கு உள்ளே வேண்டிய சாய்வு இருபத்து நான்கடியாகக் குறையும். இன்று பெற்றோர் நன்றாக நடக்கிறார்கள், இப்பொழுது ஏன் இந்தச் செலவு என்று கேட்பவர்கள் உண்டு. பாதையை இப்பொழுதே கட்டவேண்டியதில்லை. அதற்குரிய இடத்தையும் அது வந்து சேரும் மூன்றடிக் கதவையும் இப்பொழுதே விட்டுவைத்தால் போதும்.

மாடிப்படியிலும் இதே கதை. ஒரு தளத்திலிருந்து அடுத்த தளம் பத்தரை அடி உயரமென்றால், ஆறு அங்குலம் ஏறும் படிகள் இருபத்தொன்று தேவை. ஏழரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறினால் பதினேழு படியிலேயே மேலே போய்விடலாம். கால் வைக்கும் பலகை பத்து அங்குலம் என்று கொண்டு, நடுவில் திரும்பும் படிக்கட்டாகக் கணக்கிட்டால், முதலாவது ஏற்பாட்டுக்கு நீளவாக்கில் கூடுதலாகத் தேவைப்படுவது ஓரடி எட்டு அங்குலந்தான். அந்த ஓரடி எட்டு அங்குலத்தைக் கூடத்தோடு சேர்த்துக்கொள்ளும் ஆசையில்தான் நம் வீடுகளில் படிகள் செங்குத்தாகின்றன. ஏழரை அங்குலம் என்பது விதி அனுமதிக்கும் எல்லையை ஒட்டியதுதான். ஆனால் விதி அனுமதிப்பதும் உடம்பு அனுமதிப்பதும் ஒன்றல்ல. துவைத்த துணிகளை ஈரத்தோடு வாளியில் சுமந்துகொண்டு நாள்தோறும் மொட்டைமாடிக்கு ஏறுகிறவரைக் கேட்டு அதை நிர்ணயிக்க வேண்டும்; பெரும்பாலான வீடுகளில் அவரிடம் எவரும் கேட்பதில்லை.

முதியவர்களின் குளியலறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: வழக்கமான இரண்டரை அடிக் கதவு போதாது, மூன்றடி வேண்டும், கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், ஏனெனில் உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தால் உட்புறமாகத் திறக்கும் கதவை யாராலும் திறக்க முடியாது, கைப்பிடிக் கம்பி பொருத்தப்போகும் இடத்தில் சுவர் கெட்டியாக இருக்க வேண்டும், தரை டைல்ஸ் சொரசொரப்பாக இருக்க வேண்டும். கூடுமானவரை மாடிக் குளியலறை கீழ்க் குளியலறைக்கு நேர் மேலேயே அமையட்டும். குழாய்கள் ஒரே வழியில் இறங்கும். கசிவு வந்தாலும் படுக்கையறைத் தலைமாட்டில் சொட்டாது.

அடுக்களையில் சற்று நின்று பேச வேண்டும். வீட்டின் மற்ற அறைகளைப் படம் பார்த்தே தீர்மானித்துவிடலாம். அடுக்களையை அதில் உழைப்பவரின் கைமுட்டியை அளந்தே தீர்மானிக்க முடியும். மேடைக்கு முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு அங்குலம் என்று ஒரு கணக்கு எங்கும் வழங்குகிறது. ஆனால் அடுப்பின் மேலே குக்கரோ வாணலியோ ஏறிவிட்டால், கை வேலை செய்யும் இடம் மேடைக்கு ஓரடி மேலே போய்விடுகிறது. தொட்டியில் பாத்திரம் துலக்கும்போதோ, கை மேடைக்கு அரையடி கீழே இறங்குகிறது. ஆகவே அடுப்பு சற்றுத் தாழவும் தொட்டி சற்று உயரவும் இருப்பதே உடம்புக்கு ஏற்றது. இதைச் சொன்னால் வேலைத்தலத்தில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படி அமையும்:

“ஏன் மேஸ்திரி, அடுப்பு மேடையும் தொட்டி மேடையும் ஒரே மட்டமா வருதே?”

“எல்லா வீட்லயும் அப்படித்தாம்மா போடுறது. கல்லு ஒரே பலகையா ஓடினாத்தான் பாக்க அழகா இருக்கும்.”

“பாக்குறவங்க பாத்துட்டுப் போயிடுவாங்க மேஸ்திரி. தினம் குனியுறது நானில்ல?”

“சரிங்கம்மா, தொட்டிப் பக்கம் மூணு அங்குலம் ஏத்திக் குடுத்துடுறேன். கல்லு வெட்டுறவர்கிட்ட நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

அந்த மூன்று அங்குலத்துக்காக வாதாடிய பெண்மணிதான் அந்த வீட்டின் உண்மையான சிற்பி என்று நான் கருதுகிறேன். கிரைண்டர் எங்கே நிற்கும், அதைக் கழுவிய நீர் எங்கே ஓடும், அரிசி மூட்டை எங்கே வைக்கப்படும், பண்டிகைக்கு மட்டும் இறங்கும் அண்டாக்களுக்கும் குண்டான்களுக்கும் பரண் எவ்வளவு ஆழம், பாத்திரம் துலக்கப் பின்கட்டில் ஒரு தாழ்ந்த மேடை உண்டா, அங்கே வெயில் படுமா என்பனவெல்லாம் அவர் ஒருவருக்கே தெரிந்தவை. வரைபடத்துக்கு ஒப்புதல் அளிக்கும் கையெழுத்து அவருடையதாகவும் இருக்க வேண்டும்.

மேலே தளம். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் அதைக் கீழே உமிழ்வதால், மாடியறையில் மின்விசிறி சுழற்றுவது வெந்த காற்றைத்தான். நம் முன்னோர் மெட்ராஸ் டெரஸ் என்று பேர்பெற்ற தளத்தை, தேக்கு உத்தரங்களின் குறுக்கே செங்கற்களைச் செங்குத்தாகக் கோணவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய் வெல்ல நீர் சேர்த்து இடித்துக் கெட்டிப்படுத்தி அமைத்தார்கள். உத்தரத்துக்கு மரம் இன்று எட்டாத விலை. ஆயினும் மேலே போடும் அந்தச் சுண்ணாம்பு ஜல்லிப் படுகையைக் கான்கிரீட்டின்மேல் இட்டு, தட்டோடு பதித்து, வெண்மையாக்கி வைக்கலாம். பர்மிங்ஹாமில் 1917-இல் பிறந்து, திருவனந்தபுரத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு, 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இத்துறையில் சாமானியருக்குச் செய்த உபகாரம் மிகப் பெரிது. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் பாரம் தாங்கும் வேலையைக் கம்பியே செய்கிறது, அங்கேயுள்ள கான்கிரீட்டுக்கு அதில் பங்கில்லை என்பதைக் கண்டு, அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துத் தளம் போடும் முறையை அவர் பரப்பினார். செலவும் குறைந்தது, ஓட்டுக்குள் அடைபட்ட காற்றினால் உஷ்ணமும் குறைந்தது. செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் சுவரால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும் என்பதையும் அவர் கட்டிக்காட்டினார். ஆனால் இவற்றை அறிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டுமே துணிய வேண்டும். அறியாதவர் கையில் பேக்கர் முறை ஒழுகும் தளமாகவும் வெடித்த சுவராகவும் முடியும்.

மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். சட்டத்துக்காக ஒரு குழியைத் தோண்டிக் குழாயை இறக்கிவிட்டு மறந்துபோவோர் பலர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் நீர் கிடைக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அது எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்துநின்ற நினைவுள்ளவர்கள் அதை அலட்சியம் செய்யமாட்டார்கள். மாடித் தளத்தின் சாய்வு எந்த மூலைக்கு, வடிகுழாய் எந்தச் சுவரில் இறங்கும், வடிகட்டும் தொட்டி எங்கே, சேமிப்புத் தொட்டி எங்கே என்பது தளம் போடுமுன் தெரிந்திருக்க வேண்டும். கழிவுத் தொட்டியும் ஆழ்துளைக் கிணறும் மனையின் எதிரெதிர் மூலைகளில் இருக்கட்டும்.

வானம் தோண்டுவதற்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்க்கும் நாளில் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு திகில் உண்டாகும். வெட்டவெளியில் கோடாகக் கிடக்கும் அறை, கட்டி முடித்த அறையைவிட மிகச் சிறியதாகத் தோன்றும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கட்டில் எப்படிப் போடுவது என்று மனம் பதறும். அந்தப் பதற்றத்தில் அங்கேயே சுவரை ஓரடி தள்ளச் சொல்லி, அதனால் பக்கத்து அறையும் மாடிப்படியும் கெட்டு, கம்பிக் கணக்கும் பிசகியவர்கள் உண்டு. அனுபவமுள்ள மேஸ்திரி அந்நாளில் ஒன்றும் மாற்றமாட்டார். சந்தேகம் தீராவிட்டால், இப்பொழுது குடியிருக்கும் வீட்டின் அறைகளை நாடாவால் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான மருந்து. கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை ஆகியவற்றின் அளவுகளைக் கோடுகளுக்குள் குச்சி நட்டுப் பார்க்கலாம்.

பிறகு தளத்துக்குக் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றுமுன் உள்ள நாட்கள். மின்விசிறிக் கொக்கியும் விளக்குக்குச் செல்லும் குழாயும் அப்பொழுதே பதிக்கப்பட வேண்டும். விட்டுப்போனால் பின்னர் சுவரிலும் தளத்திலும் காடி வெட்டி வீட்டைப் புண்ணாக்க நேரும். சுவர் எழுந்ததும் குடும்பத்தார் அனைவரும் ஒரு சாக்கட்டியோடு அறை அறையாக நடந்து, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்து, திறந்த கதவுக்குப் பின்னால் மறைந்துவிடாத இடத்தில் சுவிட்சுகளைக் குறிக்க வேண்டும். தாத்தா இரவில் எழுந்து குளியலறைக்குப் போகும் வழி எது, அந்த வழியில் படுத்தபடியே எட்டும் விளக்கு எது என்று அவரையே நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

தரையைப் பற்றி என் அபிப்பிராயம் இது. பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் ஈரமானால் முதியவர்க்கும் குழந்தைக்கும் அபாயம். கண்ணாடிப் பலகையின்மேல் வர்ணக் கலவையை ஊற்றிக் கையால் செய்யப்படும் ஆத்தங்குடிக் கற்கள் வெறுங்காலுக்குக் குளிர்ச்சி தருபவை, புழங்கப் புழங்க மெருகேறுபவை. சிவப்புப் பூச்சுத் தரை இவை இரண்டிலும் அழகானது, ஆனால் அதைச் சரியாகத் தேய்த்து முடிக்கும் கைகள் அருகிவருகின்றன. முகப்பின் அலங்காரம், வர்ணம், கதவின் வேலைப்பாடு முதலியவை கையில் எஞ்சும் பணத்தைப் பொறுத்தவை. குடிபோன பின்னும் செய்யலாம். பணம் குறைந்துவிட்டால் விடவேண்டியவை இவைதாம். அஸ்திவாரத்திலும் கம்பியிலும் தளத்தை நனைத்து வைக்கும் நாட்களிலும் ஒரு காசும் ஒரு நாளும் குறைக்கலாகாது. பின்னால் மாடி எழுப்பும் உத்தேசமிருந்தால் அஸ்திவாரம் இப்பொழுதே அதற்கேற்ப அமைய வேண்டும். தூண்களில் மேலே நீட்டி விட்ட கம்பிகள் கடற்காற்றில் துருவேறிப் போகாதபடி லேசான கான்கிரீட்டால் மூடிவைக்க வேண்டும்.

சுவருக்குப் பூச்சு ஏறுமுன் இன்னும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. எந்தச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது, எதில் மின்கம்பி, தளத்தின் கம்பிகள் எவ்வாறு கட்டப்பட்டன, கழிவுக் குழாயின் இணைப்பு தரையில் எந்த இடத்தில் புதைந்திருக்கிறது என்பதையெல்லாம், அளவு நாடாவைச் சுவரில் பிடித்தபடி அறை அறையாகப் புகைப்படமெடுத்து, கட்டிய அளவுகளோடு திருத்திய ஒரு வரைபடத்தையும் சேர்த்து, மனைப் பத்திரம் இருக்கும் அதே பெட்டியில் வைத்துவிட வேண்டும். பல ஆண்டுகள் கழித்து ஒரு கசிவைத் தேடிவரும் பிளம்பரோ, ஓர் ஆணி அடிக்க இடம் கேட்கும் பேரனோ, எந்தச் சுவரை எங்கே தொடலாம் என்பதை அந்தப் பெட்டியைத் திறந்து தெரிந்துகொள்ளட்டும்.